வினாத்தாளே பாடத்திட்டம்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் முதுகலை இயற்பியல் பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,



சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீங்கள் கூடிப் பாடத்திட்டத்தைத் திருத்துகிறீர்கள். கூட்டத்தில் நேரம் எதற்குப் போகிறது என்பது, அதன் பிறகு வெளிவரும் பாடத்திட்டத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும்: எந்தத் தாளைச் சேர்ப்பது, எதை எலெக்டிவ் ஆக்குவது, நானோ இயற்பியலுக்கு எத்தனை கிரெடிட், திறன் மேம்பாட்டுப் பாடம் எந்தப் பருவத்தில். இயற்பியல் முதுகலைப் பட்டத்துக்காக ஒரு மாணவரிடம் நாம் உண்மையில் எதைக் கோருகிறோம் என்பது அந்தத் தாள்களின் பட்டியலில் இல்லை. பருவத் தேர்வின் வினாத்தாளில் இருக்கிறது. இந்த ஒரு சுற்றுக்குப் பட்டியலை அப்படியே விட்டுவிட்டு வினாத்தாளின் அமைப்பைக் கையில் எடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பட்டியலில் நமக்குப் பெரிய குறை இல்லை. உலகில் எங்கே இயற்பியல் மேற்படிப்புக்குப் போனாலும் நான்கு பாடங்கள் தப்பாமல் வரும்: மரபு இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல். நம் எம்.எஸ்சி.யிலும் இந்த நான்கும் இருக்கின்றன. கணித இயற்பியல், திண்மநிலை இயற்பியல், அணுக்கரு இயற்பியல் ஆகியவையும் கூடவே இருக்கின்றன. பரிந்துரை நூல்களும் ஏறக்குறைய அவையேதான். 1950-இல் முதல் பதிப்பு கண்ட கோல்ட்ஸ்டைன், 1962-இல் வந்த ஜாக்சன், பிறகு சகுராய். இவற்றோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எம். மேத்யூஸ், கே. வெங்கடேசனுடன் சேர்ந்து எழுதிய குவாண்டம் இயக்கவியல் நூல். இந்த நூல்களில் அத்தியாயம் முடிகிற இடத்தில் கணக்குகள் தொடங்கும். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒருவர் ஜாக்சனைப் படித்தேன் என்றால், அந்தக் கணக்குகளோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டினேன் என்றுதான் பொருள். நம் பாடத்திட்டம் அதே நூல்களின் அத்தியாயத் தலைப்புகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு, கணக்குகளை மட்டும் நூலிலேயே விட்டுவிட்டது.

வினாத்தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. பெரும்பாலான இடங்களில் இன்டர்னல் 25, பருவத் தேர்வு 75. பாடம் ஐந்து யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் அளந்து வைத்தாற்போல ஒரே அளவு கேள்விகள், அவற்றில் (அ) அல்லது (ஆ) என்று சாய்ஸ். இயற்பியலின் எல்லாக் கிளைகளும் ஐந்தால் மீதியின்றி வகுபடும் என்பதை யார் நிரூபித்தார்களோ தெரியவில்லை. இப்படி யூனிட்டுக்கு இவ்வளவு என்று கட்டிப்போட்டுவிட்டால், வினாத்தாள் எடுப்பவருக்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் முழுக்கேள்வியாகக் கேட்கத் தோதான டெரிவேஷன்கள் நான்கைந்துதான் மிஞ்சும். முந்தைய ஐந்து ஆண்டு வினாத்தாள்களைச் சேர்த்து வைத்தால் அந்தப் பட்டியல் கையில் வந்துவிடும். அதில் பாதியை எழுதிப் பார்த்து மனத்தில் ஏற்றினால் முதல் வகுப்பு உறுதி. இதில் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேர்வு கேட்பதை அவர் கொடுக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒற்றைப் பரிமாண ஹார்மானிக் ஆஸிலேட்டரின் ஆற்றல் மட்டங்களையும் அலைச்சார்புகளையும் வருவிக்க என்பது குவாண்டம் இயக்கவியல் தாளின் நிரந்தர விருந்தாளி. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் தொடங்கி, மாறியை மாற்றி, தொடரை முறித்து, ஹெர்மைட் பல்லுறுப்புக் கோவைக்கு வந்து சேர மூன்று பக்கம் ஆகும். பத்து மதிப்பெண். இப்போது அதே பாடத்தில் வேறொரு கேள்வி: ஆஸிலேட்டர் அடிநிலையில் இருக்கிறது. அதன் அதிர்வெண்ணைத் திடீரென்று இரண்டு மடங்காக்குகிறோம். உடனே அளந்தால் புதிய அடிநிலையில் அதைக் காணும் நிகழ்தகவு என்ன? சராசரி ஆற்றல் எவ்வளவு? இதற்கு ஹெர்மைட் வேண்டியதில்லை. அடிநிலையின் அலைச்சார்பு ஒரு காஸ் வளைவு என்பது தெரிந்தால் போதும். மாற்றம் திடீரென்று நடப்பதால் அந்தக் கணத்தில் அலைச்சார்பு மாறுவதில்லை என்பது புரிந்திருக்க வேண்டும். பிறகு ஒரேயொரு தொகையீடு. நிகழ்தகவு 2√2/3, அதாவது சுமார் 0.94. சராசரி ஆற்றலுக்குத் தொகையீடுகூட வேண்டாம்: இயக்க ஆற்றல் இருந்தபடி இருக்கிறது, நிலையாற்றல் நான்கு மடங்காகிறது, ஆகவே மொத்தம் பழையதைப் போல இரண்டரை மடங்கு. விடை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். மூன்று பக்க டெரிவேஷனைப் பிழையில்லாமல் எழுதிய மாணவர் இந்த அரைப் பக்கத்தின் முன் திகைத்து நின்றால், அவர் எதைக் கற்றார் என்று நாம் சான்றிதழில் எழுதிக் கொடுக்கிறோம்?

டெரிவேஷனை இழிவாகச் சொல்லவில்லை. கீர்த்தனையைப் பாடாந்தரம் பிசகாமல் பாடம் பண்ணாதவர் கல்பனாஸ்வரம் பாட முடியாது. ஆனால் ஒரு ஆவர்த்தனம்கூட சொந்தமாகப் பாடச் சொல்லிக் கேட்காமல் யாரும் ஒருவரைக் கச்சேரிக்கு ஏற்றமாட்டார்கள். நம் தேர்வு பாடாந்தரத்தோடு நின்றுவிடுகிறது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள தேர்வுகள் எதைக் கேட்கின்றன என்று பாருங்கள். சிஎஸ்ஐஆர் நெட் இயற்பியல் தாளுக்கு மொத்தம் 200 மதிப்பெண். பொது அறிவுத்திறனுக்கான முதல் பகுதியின் 30 போக மீதி 170-உம் இயற்பியல். அதில் 100 மதிப்பெண் மூன்றாம் பகுதிக்கு. கேள்விக்கு ஐந்து வீதம் இருபது கேள்விகள். மனப்பாடமாக எழுதிய மூன்று பக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. கேட் தேர்வும் அப்படி, சென்னையிலேயே இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கு வழிவிடும் ஜெஸ்ட் தேர்வும் அப்படி. இந்தத் தேர்வுகளின் பாடத்திட்டத்தையும் நம் எம்.எஸ்சி. பாடத்திட்டத்தையும் அருகருகே வைத்தால் தலைப்புகளில் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். தலைப்பெல்லாம் படித்த மாணவர்களே பட்டம் வாங்கிய கையோடு பயிற்சி மையத்தில் இன்னொரு ஆண்டு செலவழிக்கிறார்கள் என்றால், இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. கொடுக்கத் தவறியதைத்தான் அங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள். 2024-25 கல்வியாண்டிலிருந்து பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்று யுஜிசி அறிவித்த பிறகு இந்த இடைவெளியின் விலை இன்னும் கூடியிருக்கிறது.

பிஎச்.டி. கோர்ஸ்வொர்க்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று சிலர் நினைக்கலாம். யுஜிசியின் 2022 விதிமுறைப்படி கோர்ஸ்வொர்க்குக்குக் குறைந்தபட்சம் 12 கிரெடிட். அதற்குள் ஆய்வு, வெளியீட்டு அறநெறி பற்றிய பாடம் கட்டாயம். ஆய்வு முறையியல் ஒன்று, கைடு தம் ஆய்வுத் துறையை ஒட்டி வைக்கும் சிறப்புத் தாள் ஒன்று என்று போனால், மின்காந்தவியலுக்கோ புள்ளியியல் இயக்கவியலுக்கோ அங்கே இடமில்லை. அதே விதிமுறை எம்.ஃபில். பட்டத்தையும் நிறுத்திவிட்டது, அடிப்படையை ஒருமுறை தூசி தட்டிக்கொள்ளக் கிடைத்த ஓராண்டும் போயிற்று. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. முடித்து வருபவரையும் ஆய்வுக்கு முன்னால் அடிப்படைப் பாடங்களில் மறுபடி உட்காரவைத்து, கணக்குப் போடவைத்து, தேர்வு வைத்துத்தான் அனுப்புகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. அமைப்போ எம்.எஸ்சி.யிலேயே அது முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே பொறுப்பு முழுக்க உங்கள் மேசைக்கே வந்து சேர்கிறது.

நேரம் எங்கே இருக்கிறது என்பது முதல் ஆட்சேபம். இதற்கு விடை நம் கால அட்டவணையிலேயே இருக்கிறது. ஆறு நாள் டே ஆர்டர், நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு முப்பது மணி நேரம் எம்.எஸ்சி. மாணவர் வகுப்பிலும் ஆய்வகத்திலும் இருக்கிறார். அமெரிக்காவில் முதலாண்டு இயற்பியல் பிஎச்.டி. மாணவர் வழக்கமாக ஒரு பருவத்தில் மூன்று பாடங்கள் எடுப்பார். பாடத்துக்கு வாரம் மூன்று மணி நேரம் போல, மொத்தம் ஒன்பது மணி நேரம் வகுப்பு. அவர் மிச்ச நேரத்தில் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் வாராவாரம் கணக்குத் தொகுப்பு ஒன்று வரும். அதோடு போராடுவதில்தான் அவருடைய வாரம் கழிகிறது. சொந்தமாக உட்கார்ந்து யோசிக்க நேரமே விடாமல் நிரப்பப்பட்ட அட்டவணை நம்முடையது. அதில் மேலும் ஒரு மதிப்புக்கூட்டுப் பாடத்தைச் சேர்த்தால் மாணவருக்கு மதிப்புக் கூடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒரு எலெக்டிவ் தாளைக் கைவிட்டால் நான்கு அடிப்படைத் தாள்களுக்கும் வாரம் ஒரு மணி நேரம் டுடோரியல் வைத்துவிடலாம். அந்த ஒரு மணி நேரம் ஆசிரியரின் பணிப்பளுக் கணக்கிலும் சேர வேண்டும். அரசுக் கல்லூரிகளில் இந்தச் சுமை கௌரவ விரிவுரையாளர்களின் தலையில் ஊதியமின்றி விழுந்துவிடக் கூடாது என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் மாணவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள், பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். கணக்கு என்று ஆரம்பித்தால் அவர்கள்தானே முதலில் அடிபடுவார்கள்? இந்தக் கவலை நியாயமானது. ஆனால் அது குறிவைக்கும் இடம் தவறு. இன்றைய வினாத்தாளில் அதிகம் அடிபடுவது யார்? பத்து மதிப்பெண் கேள்விக்கு ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுத வேண்டியவர். ஆங்கிலம் சரளமாக வராதவருக்கு அந்தப் பத்திகளை வார்த்தை மாறாமல் நெட்டுருப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. கணக்குக்கு மொழி மிகக் குறைவாகவே தேவைப்படும்: ஒரு படம், சில சமன்பாடுகள், இரண்டு வரி விளக்கம். அந்த இரண்டு வரியையும் தமிழில் எழுத விடுங்கள். பாடம் ஆங்கில வழியில் இருந்தாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று யுஜிசியே 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. சமத்துவத்தின் பெயரால் நெட்டுருவைக் காப்பாற்றுவது, யாருக்காகக் காப்பாற்றுகிறோமோ அவர்களுக்கே எதிராகப் போகிறது. பட்டம் அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. நெட், ஜெஸ்ட் வாசலில் போய்த்தான் கதவு மூடுகிறது. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவைத் திறந்துகொள்ளப் பயிற்சி மையம் இருக்கிறது.

கடினமான தேர்வு ஒன்றை வாசலில் வைத்துவிட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் அப்படி ஒன்று இருந்தது. இயற்பியல் ஜிஆர்இ தேர்வைப் பற்றி 2019-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் கேசி மில்லர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்நாட்டு இயற்பியல் பிஎச்.டி. மாணவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவரை உள்ளடக்கிய தரவு. ஜிஆர்இ இயற்பியல் மதிப்பெண்ணுக்கும் பிஎச்.டி. முடிப்பதற்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இளங்கலைப் படிப்பில் பெற்ற சராசரி மதிப்பெண்ணுக்கு இருந்தது. அந்த ஆய்வின் புள்ளியியல் முறையைக் கடுமையாக விமர்சித்தவர்களும் உண்டு. ஆகையால் அதைக் கடைசிச் சொல்லாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பல துறைகள் அந்தத் தேர்வைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. சில துறைகள் பிஎச்.டி.க்குள் வைத்திருந்த தகுதித் தேர்வையும் கைவிட்டு, பாடங்களில் பெறும் மதிப்பெண்ணையே ஏற்றுக்கொள்கின்றன. இதில் நமக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. ஒரே நாளில் ஒரே அடியாக வடிகட்டுவதைவிட, பருவம் முழுக்கக் கணக்கைப் பாடத்தோடு பிணைத்து வைப்பது மேல். அங்கே பாட மதிப்பெண்ணை நம்ப முடிகிறது என்றால், அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் வாராந்திரக் கணக்குகள் இருக்கின்றன என்பதால்தான்.

இதற்கு நேர் எதிர்முனையில் சோவியத் ஒன்றியத்தின் லெவ் லாந்தாவ் இருந்தார். தம்மிடம் சேர விரும்புவோர் கோட்பாட்டு இயற்பியல் முழுவதிலும் வரிசையாகப் பல தேர்வுகளில் தேற வேண்டும் என்று 1930-களில் வைத்தார். தேறியவர்கள் மொத்தம் 43 பேர். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு பெரும் மேதையின் சீடர் தேர்வு அது. ஒரு மாநிலத்தின் பட்டப்படிப்புக்கு அளவுகோல் ஆகாது. ஆனால் அவர் கேட்ட விதம் கவனிக்கத்தக்கது. ஒரு கணக்கைக் கொடுத்துத் தனியே உட்கார்ந்து போடச் சொல்வார். நூலில் உள்ளதை ஒப்பிக்கச் சொன்னதில்லை.

தேர்ச்சி விகிதம் சரிந்தால் நிர்வாகம் சும்மா விடுமா என்று கேட்பீர்கள். வகுப்பில் பயிற்சியே தராமல் வினாத்தாளை மட்டும் மாற்றினால் சரியத்தான் செய்யும், அரியர் குவியும், அடுத்த கூட்டத்திலேயே பழைய அமைப்பு திரும்பிவிடும். டுடோரியலும் வினாத்தாளும் ஒன்றாக வர வேண்டும் என்பது அதனால்தான். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணித இளங்கலை வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் வகுப்பிலேயே வேலை செய்யும் இடங்களில் 21.8 சதவீதம். இளங்கலைக்குக் கிடைத்த எண் முதுகலைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட வைத்தால் தோற்போர் பெருகுவார்கள் என்ற அச்சத்துக்கு அது நல்ல மறுமொழி.

விடைத்தாள் திருத்தும் முகாமைப் பற்றிய கவலையைச் சுருக்கமாகவே பார்க்கலாம். படிக்குப் படி மதிப்பெண் பிரித்த விடைக்குறிப்பு இருந்தால் அரைப் பக்கக் கணக்கைத் திருத்துவது மூன்று பக்க டெரிவேஷனைத் திருத்துவதைவிட விரைவானது. உண்மையான கஷ்டம் வினாத்தாள் எடுப்பதில் இருக்கிறது. ஏற்கெனவே கேட்ட கணக்கையே எண்ணை மாற்றிக் கேட்டால் அதுவும் இரண்டே ஆண்டில் நெட்டுருவாகிவிடும், அதற்கும் கைடு நோட்ஸ் வந்துவிடும். இதைத் தனிக் கல்லூரி ஒன்று சமாளிப்பது சிரமம். பத்துக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் சேர்ந்து பொதுவான ஒரு கணக்கு வங்கியைத் தொடங்கி, ஆண்டுதோறும் ஒவ்வொரு தாளுக்கும் புதுக் கணக்குகளைச் சேர்த்துக்கொண்டே போனால் முடியும்.

நம் மாணவர்களில் பலர் பி.எட். படித்து ஆசிரியராகப் போகிறவர்கள், அவர்களுக்கு எதற்கு இது என்றும் ஒரு குரல் எழும். பிளஸ் டூ இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவி பாடநூலில் இல்லாத ஒரு கணக்கைக் கொண்டுவந்து நீட்டும்போது, ஆசிரியருக்குக் கைகொடுக்கப் போவது எது? முதுகலையில் நெட்டுருப் போட்ட ஹெர்மைட் தொடர் நிச்சயம் இல்லை. ஆராய்ச்சிக்குப் போகிறவரைவிட ஆசிரியராகப் போகிறவருக்கே இந்தப் பயிற்சி அதிகம் வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவர் கற்காமல் விட்டது அவரிடம் படிக்கும் அத்தனை பேருக்கும் போய்ச் சேருகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். நான்கு அடிப்படைத் தாள்களில் எழுத்துத் தேர்வின் 75 மதிப்பெண்ணில் பாதியை மாணவர் முன்பு பார்த்திராத கணக்குகளுக்கு ஒதுக்குங்கள். மறுபாதி டெரிவேஷனுக்கே இருக்கட்டும். யூனிட்டுக்கு இத்தனை கேள்வி என்ற கட்டை இந்த நான்கு தாள்களுக்கு மட்டுமாவது தளர்த்துங்கள். ஹெர்மைட் பல்லுறுப்புக் கோவைகள், காமா சார்பு, கோள ஆயங்களில் லாப்லாசியன் போன்ற சூத்திரங்களை ஒரு பக்கத்தில் அச்சிட்டு வினாத்தாளோடு கொடுத்துவிடுங்கள். நினைவாற்றலுக்குத் தனியாகத் தேர்வு வைக்க வேண்டியதில்லை. இன்டர்னல் 25-இல் அசைன்மென்ட் என்ற பெயரில் இணையத்திலிருந்து பார்த்தெழுதி வரும் பக்கங்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை டுடோரியல் கணக்குகளுக்கு மாற்றுங்கள்.

தமிழ்நாட்டில் 1978-இல் முதல் கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வந்ததே பாடத்தையும் தேர்வையும் கல்லூரியே வடிவமைத்துப் பார்க்கட்டும் என்பதற்காக. பாடத்தை மாற்றும் உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்திவிட்டோம். தேர்வை மாற்றும் உரிமை பெரும்பாலும் அலமாரியிலேயே இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு விதிப்படியே இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு, இங்கே எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிக்குப் போன ஒருவரை அழையுங்கள். எந்தத் தாளைச் சேர்க்கலாம் என்று அவரைக் கேட்காதீர்கள். போன இடத்தில் முதல் ஆறு மாதம் எதில் தடுமாறினார் என்று கேளுங்கள். நான்கு தாள்களையும் ஒரே மூச்சில் மாற்றத் தயக்கமாக இருந்தால் முதல் பருவத்து மரபு இயக்கவியலில் தொடங்கலாம். சேர்ந்த கையோடு மாணவர் எழுதும் தாள் அது. பழைய பழக்கம் இறுகுவதற்கு முன்பே புதியது வந்துவிடும். பருவம் முடிந்ததும் அந்த விடைத்தாள்களில் இருபதை எடுத்து, முந்தைய ஆண்டின் இருபதோடு சேர்த்துக் குழுவின் மேசையில் வையுங்கள். மிச்ச மூன்று தாள்களைப் பற்றிய முடிவை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்புடன்,
இயற்பியல் கல்வியில் அக்கறையுள்ள ஒருவர்